பாவு நீலம், ஊடை பச்சை: ஒரு சேலைப் படத்தின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் தங்கைக்கு ஒரு வாசகி எழுதிய கடிதத்திலிருந்து இந்த ஆய்வு தொடங்குகிறது. தான் உடுத்தும் கைத்தறிச் சேலைகளைப் பற்றித் தங்கை ஆறு ஆண்டுகளாக இணையத்தில் எழுதி வருகிறாள். அந்த எழுத்துக்குரிய படங்களை எடுப்பது என் வேலை. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்திடம் அவள் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைப் பற்றி எழுதியிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த வாசகி, மகளின் நிச்சயதார்த்தத்துக்காக அதே குடும்பத்திடம் அதே நிறத்தில் ஒரு சேலையைச் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். கடிதத்தில் அவர் கேட்டது இதுதான்: "உங்க படத்தைப் பார்த்துத்தான்மா வாங்கினேன். படத்துல பச்சை. கைக்கு வந்தது நீலம். அவங்க மாத்திக் கொடுத்துட்டாங்களா, இல்ல படமே அப்படியா?"

நெசவாளர் மாற்றிக் கொடுக்கவில்லை என்பதை அன்று மாலையே உறுதி செய்துகொண்டோம். வாசகி அனுப்பிய படத்திலிருந்த கரையும் சரிகைக் கோடுகளும் தங்கையின் சேலையோடு அப்படியே ஒத்துப்போயின. ஒரே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரே நூல் வரிசையில், அடுத்தடுத்து நெய்யப்பட்ட சேலைகள் அவை என்று நெசவாளரும் சொன்னார். எனவே குற்றம் படத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவு பாதிதான் சரி என்பது தெரிய எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின.

உடுத்திய உடையைப் படமெடுத்து நாள்தோறும் வெளியிடும் வழக்கம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வேர்விட்டது. நியூயார்க்கில் ஸ்காட் ஷூமன் 2005இல் தெருவில் நடப்பவர்களின் உடைகளைப் படமெடுத்து வெளியிடத் தொடங்கினார். மற்ற பலர் முக்காலியையும் டைமரையும் வைத்துக்கொண்டு தங்களையே எடுத்தார்கள். 2009 செப்டம்பரில் மிலான் நகரில் டோல்சே அண்ட் கபானா என்ற ஆடை நிறுவனம் நடத்திய காட்சியில் இத்தகையோருக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தபோது, இந்தப் படங்களைப் பார்த்து மக்கள் துணி வாங்குகிறார்கள் என்பதைத் தொழில் ஏற்றுக்கொண்டது வெளிப்படையாயிற்று. நம் பக்கத்தில், 2015இல் பெங்களூரிலிருந்து ஆலி மாத்தனும் அஞ்சு முத்கல் கதமும் தொடங்கிய நூறு சேலை உறுதிமொழி, பீரோவுக்குள் கிடந்த சேலைகளைப் படத்துக்குள் கொண்டுவந்தது. ஆண்டுக்கு நூறு நாள் சேலை கட்டி, அதன் கதையோடு படத்தையும் பகிர்வது என்பது அதன் ஏற்பாடு. என் தங்கை எழுத வந்ததும் அந்த அலையின் தொடர்ச்சியாகத்தான். சட்டையின் நிறம் படத்தில் சற்றே பிசகினால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடுவார். விசேஷத்துக்கென்று ஒரு நிறத்தை மனத்தில் வைத்துச் சொல்லி வாங்கும் பட்டில் அந்தப் பிசகு ஒரு குடும்பத்தின் ஏற்பாட்டையே கலைத்துவிடும். ஆகையால் சேலையைப் படமெடுப்பவருக்கு நிறத்தின் மேல் உள்ள பொறுப்பு மிகக் கனமானது என்றே நான் கருதுகிறேன்.

முதல் ஐயம் வெள்ளைச் சமநிலையின் மேல், அதாவது ஒளியின் நிறச்சாயலைக் கழித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமராவின் கணக்கின் மேல், விழுந்தது. படம் எங்கள் வீட்டு முன்னறையில், வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கவாட்டில், காலை 10 மணியளவில் எடுக்கப்பட்டது. அந்த வேளையில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழவில்லை. வானத்தின் ஒளி மட்டுமே வந்தது. நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின் என்றால், நீலவானத்தின் நிழலொளி 7,000 கெல்வினுக்கும் மேலே போகும்; இந்த எண் கூடக்கூட ஒளியில் நீலம் கூடும். அந்த நீலச்சாயலைக் கேமரா தானாக ஊகித்துக் கழிக்க முயலும். கழிக்கும்போது காட்சியில் எது அதிகமாக இருக்கிறதோ அது அந்த ஊகத்தைத் தன் பக்கம் இழுக்கும். தங்கைக்கு இரண்டடி பின்னால் இருந்த சுவரோ இளம்பச்சை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பட்டின் மேலும் விழுந்திருக்கும் என்பது கேட்க நம்பும்படியாகவே இருந்தது.

அதே இடத்தில், அதே நேரத்தில், சேலையோடு சாம்பல் அட்டையையும் பிடிக்கச் சொல்லி மீண்டும் எடுத்தேன். விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பித் தரும் நடுநிலைச் சாம்பல் நிறம் அது. அதன்மேல் ஏதாவது ஒரு நிறச்சாயல் தெரிந்தால் அது ஒளியிலிருந்தோ கேமராவின் ஊகத்திலிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அட்டையில் மெல்லிய பச்சைச்சாயல் இருந்தது உண்மை. அதை நீக்கியதும் தங்கையின் கன்னத்தில் இருந்த வெளிறல் போயிற்று, பின்சுவர் சுண்ணாம்பு வெண்மைக்குப் பக்கமாக வந்தது. சேலை மட்டும் பச்சையாகவே இருந்தது.

இரண்டாவது ஐயமான திரையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்த மூன்று கைப்பேசிகளிலும் ஒரு மடிக்கணினியிலும் படத்தைப் பார்த்தோம். ஒன்றில் பச்சை பளிச்சென்றும் இன்னொன்றில் சற்று மங்கியும் இருந்ததே தவிர, எதிலும் நீலமாகவில்லை.

கண்ணே ஏமாறுகிறதோ என்று அடுத்து எண்ணினேன். 2015 பிப்ரவரி இறுதியில் உலகமெங்கும் பரவிய ஒரு கவுன் படம் பலருக்கு நினைவிருக்கும். ஸ்காட்லாந்தில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்காக மணமகளின் தாய் கைப்பேசியில் எடுத்த படம் அது. நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட அந்த உடையைச் சிலர் வெள்ளையில் பொன்பட்டை என்று அடித்துச் சொன்னார்கள். அமெரிக்காவில் பார்வை ஆய்வாளர் பெவில் கான்வேயும் உடன் ஆய்வாளர்களும் 1,401 பேரிடம் கேட்டபோது 57 விழுக்காட்டினர் நீலம்-கறுப்பு என்றும் 30 விழுக்காட்டினர் வெள்ளை-பொன் என்றும் 11 விழுக்காட்டினர் நீலம்-பழுப்பு என்றும் கூறினர். உடையின் மேல் விழுந்த ஒளி எத்தகையது என்பதற்கு அந்தப் படத்தில் போதிய குறிப்பு இல்லாததால், ஒவ்வொருவர் மூளையும் தனக்குப் பழகிய ஒளியை வைத்துக் கணக்கிட்டுக்கொண்டது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். எங்கள் நிகழ்வுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. வாசகியும் படத்தைப் பச்சை என்றே பார்த்திருக்கிறார், நாங்களும் அப்படியே பார்த்தோம். மாறியது பார்வையன்று, பார்க்கப்பட்ட பொருள்.

அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நெசவாளரைத் தொலைபேசியில் அழைத்து, நிறத்தைப் பற்றியே கேட்டேன். அவர் சிறிதும் வியப்படையவில்லை. "பாவு நீலம், ஊடை பச்சைம்மா. டபுள் ஷேடு. நிக்கிற பக்கத்தைப் பொறுத்து மாறும். முந்தி ஓரத்துல குஞ்சம் இருக்குல்ல, அதைப் பாருங்க. அது வெறும் பாவு நூல்தான், ஊடை ஓடாத இடம்" என்றார். ஊடை என்பது பாவின் குறுக்கே ஓடும் நூல்.

சேலையை எடுத்து வந்து முந்தியின் ஓரத்தைப் பார்த்தோம். தலைப்பும் உடலும் ஒரே பாவில் ஓடும் எளிய சேலை அது. முந்தியில் சரிகைக் கோடுகள் மட்டுமே கூடுதல். நெசவு முடிந்த இடத்துக்கு அப்பால் விடப்பட்டிருந்த நூல்கள் சிறு சிறு கொத்துகளாக முடியப்பட்டிருந்தன. ஒவ்வொரு முடிச்சும் கருநீலம். ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி, நெசவு தொடங்கும் இடத்தில், அதே நீலத்தின் மேல் பச்சை ஏறியிருந்தது. தங்கை அந்த ஓரத்தை ஜன்னலருகே பிடித்து மெல்லச் சாய்த்தபோது பச்சை விலகி நீலமும், நிமிர்த்தியபோது நீலம் ஒதுங்கிப் பச்சையும் வந்தன. மயில்கழுத்து என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. மயிலின் கழுத்தும் ஒரு நிறத்தில் நிற்பதில்லை. அது திரும்பத் திரும்ப நீலமும் பச்சையும் மாறி மாறி மின்னும். அந்தப் பெயரிலேயே மாற்றம் இருக்கிறது. ஒரு நிறத்தின் பெயராக மட்டும் அதை எடுத்துக்கொண்டது எங்கள் பிழை.

எனினும் நெசவாளர் சொன்ன 'நிக்கிற பக்கம்' என்பதைப் படமெடுப்பவர் பயன்படுத்தக்கூடிய கணக்காக மாற்ற வேண்டியிருந்தது. எங்கிருந்து ஒளி வந்தால் எந்த நூல் மேலோங்கும் என்று தெரியாதவரை அடுத்த படமும் குருட்டாம்போக்கில்தான் அமையும்.

சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை, இன்னும் தைக்கக் கொடுக்காமல் வைத்திருந்ததால், ஒரு தெர்மோகோல் அட்டையில் குண்டூசியால் சமமாகக் குத்தி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினோம். கேமராவை அறையின் நடுவில் முக்காலியில் பூட்டி, வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் நிலைப்படுத்தி, பாவு படுத்தவாக்கில் இருக்கும்படி ஒரு படம் எடுத்தேன். துணி பச்சை. பிறகு வேறெதையும் தொடாமல் அட்டையை மட்டும் 90 பாகை திருப்பி, பாவு நின்றவாக்கில் இருக்கும்படி வைத்து இன்னொன்று எடுத்தேன். துணி நீலம். ஒரே துணி, ஒரே ஒளி, ஒரே கேமரா, ஒரே நிமிடம். தங்கை இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை இரண்டு சேலை என்று சொன்னாலும் நம்புவார்கள்" என்றாள்.

இதன் காரணத்தை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். பட்டு நூல் வழவழப்பான மெல்லிய உருளை. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பி படுத்தவாக்கில் இருக்கிறது. உச்சி வெயிலில் அது பளபளப்பது நம் கண்ணுக்கு எட்டும். அதே வெயிலில் செங்குத்தாக நிற்கும் கம்பியைப் பார்த்தால் அந்தப் பளபளப்பு இல்லை, ஏனெனில் மேலிருந்து வரும் ஒளியை அது கீழ்நோக்கியே திருப்பி விடுகிறது. மாறாக, பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் ஒளியை நின்ற கம்பிதான் நம் பக்கம் திருப்பித் தரும். துணியிலும் இதுவே நடக்கிறது. ஒளி பக்கத்திலிருந்து வந்தால் நின்றவாக்கில் ஓடும் நூல் மின்னும். தலைக்கு மேலிருந்து வந்தால் படுத்தவாக்கில் ஓடும் நூல் மின்னும். பருத்தி நூலில் இழைகள் கலைந்து நிற்பதால் ஒளி சிதறி இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. பட்டில் அது முழுவீச்சில் தெரிகிறது.

இதைச் சேலை கட்டியிருக்கும் உடம்பின் மேல் பொருத்திப் பார்க்கும்போதுதான் நிகழ்வு முழுவதும் விளங்கியது. சேலையின் நீளவாக்கில் ஓடுவது பாவு. இடுப்பைச் சுற்றிக் கட்டும்போது அந்த நீளம் உடம்பைச் சுற்றிப் படுத்தவாக்கில் போகிறது. ஆகவே கொசுவத்திலும் அதன் இரு பக்கங்களிலும் பாவு படுத்தும் ஊடை நின்றும் இருக்கும். அதே சேலை மார்பின் குறுக்கே சாய்வாக ஏறித் தோளைத் தாண்டித் தொங்கும்போது, முந்தானையில் பாவு நின்றவாக்கிற்கு வந்துவிடுகிறது. ஒரே பெண்ணின் மேல், ஒரே கணத்தில், சேலையின் கீழ்ப்பாதியும் முந்தானையும் ஒளிக்கு எதிரெதிரான விடைகளைத் தருகின்றன.

எங்கள் படத்தில் ஒளி ஜன்னலிலிருந்து, அதாவது பக்கத்திலிருந்து வந்தது. எனவே கீழ்ப்பாதியில் நின்றவாக்கில் இருந்த ஊடை மேலோங்கிச் சேலை பச்சையாயிற்று. வாசகி தன் வீட்டில், பீரோக் கண்ணாடிக்கு மேலே மாட்டிய குழல்விளக்கின் கீழ் நின்று பார்த்திருக்கிறார். ஒளி மேலிருந்து வந்தது, படுத்திருந்த பாவு மேலோங்கியது, சேலை நீலமாயிற்று. இரண்டு பேரும் உண்மையைத்தான் பார்த்திருக்கிறோம்.

அதைவிட என்னை உறுத்தியது, பழைய படத்தின் திருத்தாத மூலத்திலேயே சான்று இருந்தது என்பது. தங்கை இடது முழங்கையின் மேல் முந்தானையைச் சிறிது விரித்துப் போட்டிருந்தாள். அந்த ஒரு சாண் அகலத்தில் சேலை தெளிவான நீலம். நிழல் விழுந்திருக்கிறது என்று எண்ணி, படத்தைத் திருத்தும்போது அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கிப் பச்சைப் பக்கம் தள்ளியவள் நான். படத்தில் ஒரு நிறம் மற்றவற்றோடு சேராமல் நிற்கும்போது, ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்பதற்கு முன்பே அதைச் சரிசெய்யக் கை நீளும் பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது. துணி சொல்ல வந்ததை நான் அழித்திருக்கிறேன்.

வாசகிக்கு இதையெல்லாம் எழுதுவதற்கு முன் படங்களை மறுபடி எடுத்தோம். அந்தச் சந்தர்ப்பத்தில் வேறு சில குறைகளும் தீர்ந்தன. முன்பு கைப்பேசியின் முதன்மை லென்சில், நாலரை அடி தூரத்திலிருந்து, கண்மட்டத்தில் வைத்து எடுத்திருந்தேன். அந்த லென்சு பெரும்பாலான கைப்பேசிகளில் 24 முதல் 26 மில்லிமீட்டருக்கு நிகரான அகலப் பார்வை உடையது. கிட்டே போனால் முகம் பெரிதாகவும் கால் சிறிதாகவும் ஆகி, கொசுவம் கீழே குவிந்து விழுவதுபோல் தெரியும். இம்முறை பத்தடி தள்ளி நின்று, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீண்ட குவியத்தூர லென்சை இடுப்பு மட்டத்தில் வைத்தேன். கரு நிறச் சேலை சட்டத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்போது கேமரா அதை நடுச்சாம்பலாக்க முயன்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சரிகை வெள்ளைக் கோடாக வெந்துபோவது பெரும்பாலும் அதனால்தான். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்ததும் சரிகையில் பொன்னிறம் திரும்பியது, இரு நிறங்களுக்கும் ஆழம் கூடியது. இவையெல்லாம் படப்பிடிப்பு தெரிந்த எவரும் சொல்லக்கூடியவை. புதிதாகச் செய்தது ஒன்றுதான்: அதே ஜன்னலருகே ஒரு படமும், மொட்டைமாடியில் வெயில் இறங்கிய பிறகு, உயர்ந்த கைப்பிடிச் சுவர் பக்கவொளியை மறைத்த மூலையில், வானத்தின் ஒளி மேலிருந்து மட்டும் விழும்படி இன்னொரு படமும் எடுத்தோம். இரண்டிலும் சாம்பல் அட்டையால் சமநிலையைச் சரிபார்த்தேன். முதலாவதில் தங்கை பச்சைச் சேலையில் நிற்கிறாள், முந்தானை நீலம். இரண்டாவதில் நீலச் சேலை. முந்தானையில் பச்சை ஏறியிருக்கிறது. இவற்றோடு அவள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும் பத்து விநாடிக் காட்சியும் சேர்ந்தது.

இத்தகைய பதிவுகளுக்கு நம் நாட்டில் ஒழுங்குமுறை உண்டு. இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2021இல் வகுத்த நெறிகளின்படி, பணமோ பொருளோ பெற்று எழுதினால் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தங்கை அப்படி எதையும் பெறாததால் அந்தக் கடமை அவளுக்கு எழவில்லை. என்றாலும் படத்தை நம்பி ஒருவர் பெருந்தொகை செலவழித்திருக்கும்போது, நான் விற்கவில்லையே என்று ஒதுங்க அவளுக்கு மனம் வரவில்லை. அது சரியென்றே எனக்கும் பட்டது.

விளக்கத்தையும் படங்களையும் பெற்ற வாசகி மறுநாளே பதில் எழுதினார். ஜன்னலருகே நின்று பார்த்ததாகவும், பச்சை தெரிவதாகவும், ஆனால் நிச்சயதார்த்தம் மண்டபத்தில் நடப்பதால் தனக்கு அது உதவாது என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. மண்டபத்தின் கூரையெங்கும் விளக்குகள். ஒளி முழுவதும் மேலிருந்து விழும். அன்று முழுவதும் அவர் மகள் நீலச் சேலையில்தான் இருந்திருப்பாள். எங்கள் படம் பொய் சொல்லவில்லை என்று நாங்கள் நிறுவியதால் அவருக்குப் பச்சைச் சேலை கிடைத்துவிடாது. தனக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய ஒளியில், சேலை எந்த நிறத்தில் இருக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அதை எங்கள் படம் அவருக்குத் தரவில்லை.

நெசவாளர் குடும்பம் சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பாவும் ஊடையும் பச்சையான இன்னொரு சேலையை அனுப்பியது. இரு வழிக்குமான அஞ்சல் செலவைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். பழைய படத்தை அவள் நீக்கவில்லை. அதன் கீழே, ஒளி இடப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது என்றும், மண்டப விளக்கில் இதே சேலை நீலமாகத் தெரியும் என்றும், முந்தானையின் உண்மை நிறத்தைப் படத்திருத்தத்தில் நாங்கள் மாற்றிவிட்டோம் என்றும் எழுதிச் சேர்த்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதிய ஒவ்வொரு பட்டுச் சேலைக்கும் முதல் படம் ஒன்றே: வெள்ளைத் தாளின் மேல் கிடத்திய முந்தியோரம், குஞ்சத்தின் முடிச்சுகள், பக்கத்தில் சாம்பல் அட்டை.